பட்டுக்கு ஆகாத கை

அந்த லாரி உள்ளே வருவதற்காக எங்கள் வீட்டின் பின்பக்கச் சுவரை இடித்தார்கள். சுவர் மேல் நான் வளர்த்த அவரைக் கொடி படர்ந்திருந்தது. "கொடியை மட்டும் பிரிச்சு இந்தாண்ட கட்டிக்கிறேன், கொஞ்சம் இருங்க" என்று கேட்டேன். "அவரைக்காய் கடையில கிடைக்கும்" என்று சொல்லி என் கணவர் கடப்பாரையை ஓங்கினார். பூவும் பிஞ்சுமாக அது செங்கல்லோடு சரிந்தது. அன்றைக்கே நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு தேவிகாபுரம் பஸ் ஏறியிருக்கலாம். அம்மா வீடு அங்கேதான். ஏறவில்லை. இடிந்த செங்கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினேன்.

லாரி என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கிரேனில் கட்டி இழுத்து வந்தபோது அது கேபினும் பானெட்டும் பின்னால் ஒரு தொட்டியுமாக, முழுக்கத் துருவேறிய வெறும் கூடு. பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து, ஏலத்தில் போய், வேலூர்ப் பக்கம் ஒரு காயலான் கடையில் மழை வெயிலில் கிடந்த மூன்று டன் வண்டி. கதவைத் தொட்டால் சிவப்புப் பொடி கையோடு வந்தது. தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. எதிர் வீட்டு விசைத்தறிக்காரர் தறியை நிறுத்திவிட்டு வந்து, "இன்னா சார், சைனாக்காரன் ஆரணி வரைக்கும் வந்துட்டானா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் சிரிக்காமல் அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் பழகியவள். அவர் பழகாதவர், ஆகவே தறியைக் கவனிக்கப் போய்விட்டார்.

என் கணவர் பட்டாளத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பனி மலையில் இதே மாதிரி வண்டியைத்தான் ஓட்டினாராம். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் இந்த வீட்டுக்கு லீவில் வந்து போகிறவராகத்தான் இருந்தார். பெட்டியோடு வருவார், கோபத்தோடு இருப்பார், போய்விடுவார். ஒரேயடியாக வந்து சேர்ந்த பிறகு அவருக்கு இங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. காலையில் எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். போட்டுக்கொண்டு போக இடம் கிடையாது. அப்புறம் சொம்பு வைத்த இடம் சரியில்லை, செருப்பு கிடக்கிற வரிசை சரியில்லை என்று என்னை நிற்க வைத்துக் கேட்பார். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் போனில் பேசும்போது, "அப்பா எப்படி இருக்கார்?" என்பான். "டியூட்டியில இருக்கார்" என்பேன்.

வண்டி வந்த பிறகு மனுஷனுக்கு உயிர் வந்தது. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பள்ளிக்கூட மைதானத்தில் கொடி ஏற்றுவார்கள். முன்னாள் ராணுவத்தினர் எல்லாரும் மெடல் குத்திக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் தன் கையால் ஓட்டி இந்த வண்டியை மைதானத்துக்குள் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். வேறொரு இஞ்சினை வாங்கி மாட்டுவதற்கு மெக்கானிக் கிடைத்துவிட்டார். பேப்பர் வேலைக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்தார். உடம்புப் பகுதியை மட்டும் வீட்டிலேயே செய்வதாகச் சொன்னார். அதில் எனக்குத் தப்பாக எதுவும் படவில்லை. ஓர் ஆசை இருந்தால் சொம்பையும் செருப்பையும் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

இங்கே என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் பாவு பிணைக்கிறவள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். தறியில் ஒரு பாவு நெய்து முடியும் தறுவாயில், அதன் கடைசி நுனியை அறுத்தெறிந்துவிட மாட்டார்கள். தறியிலேயே விட்டுவைத்து, புதிய பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய பாவின் இழையோடு சேர்க்க வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது, முடிச்சு தறி அச்சின் பல்லில் சிக்கும். கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஓர் உருட்டு உருட்டி மடக்கிவிட்டால் ஒன்றாகிவிடும். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் இழைகள். பார்க்கிறவர்கள் இதைக் கண்ணுக்கு வேலை என்பார்கள். கண் சும்மா கூட இருக்கும், அவ்வளவுதான். வேலை விரலுக்கு. விரல் நுனியில் இத்துனூண்டு சொரசொரப்பு இருந்தாலும் பட்டு அதில் மாட்டிப் பிசிர் கிளம்பும். பிசிர் கிளம்பிய இழை நெய்யும்போது அறுந்துபோகும்.

அதனால் எங்கள் பக்கத்தில் பிணைக்கிற பெண்ணுக்குப் பாத்திரம் தேய்க்கக் கொடுக்க மாட்டார்கள். என் மாமியார் என்னைச் சொல்லாத சொல் கிடையாது. ஆனால் இருந்தவரைக்கும் ஒரு கரிச்சட்டியைத் தேய் என்று என் பக்கம் தள்ளியதில்லை. தானே உட்கார்ந்து தேய்ப்பார். தேய்த்துக்கொண்டே என்னைத் திட்டுவார். அது வேறு கணக்கு. மிளகாய் அரைப்பது, முள்ளு வெட்டுவது, கயிறு இழுப்பது எல்லாம் எனக்கு விலக்கு. படுக்கப் போகும்போது கைக்கு எண்ணெய் தடவிக்கொள்வேன், விடிந்ததும் சீயக்காய் போட்டுக் கழுவிவிடுவேன், பட்டில் எண்ணெய் பட்டால் கறை என்பதற்காக. "அந்தம்மா பிணைச்ச பாவு அறுவாது" என்று தறிக்காரர்கள் சொல்வார்கள். புருஷன் ஊரில் இல்லாத காலத்தில் இந்த ஊரில் எனக்கிருந்த பெயர் அது ஒன்றுதான். பட்டாளத்தார் பெண்டாட்டி என்பதை நான் ஒரு பெயராக எடுத்துக்கொள்ளவில்லை.

என்னோடு சேர்ந்து பிணைக்கிறவள் என் நாத்தனார், அவருடைய தங்கை. பக்கத்துத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஒரு பாவுக்கு அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்காருவோம். அவள் வாய் ஓயாது, கையும் ஓயாது. நல்ல வேலைக்காரி.

ஒரு நாள் காலை என் கணவர் கொல்லையிலிருந்து, "ஏய், ஜல்தி வா இங்க" என்று கூப்பிட்டார். போனேன். கண்ணாடியும் தோல் கிளவுசும் போட்டுக்கொண்டு, கையில் கிரைண்டரோடு நின்றுகொண்டிருந்தார். கதவின் நடுப்பகுதியில் துரு போய் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஓரங்களிலும் மடிப்புகளிலும் ஆணிக் குமிழ்களைச் சுற்றியும் துரு அப்படியே இருந்தது.

"கிரைண்டர் இந்த சந்துக்கெல்லாம் போவாது. என் கையும் போவாது. உன் கைதான் சின்னது" என்று உப்புத்தாளை நீட்டினார்.

"நான் பிணைக்கப் போற கைங்க இது."

"தெரியும்டி. நுணுக்கமான கை. அதுக்குத்தான் கூப்பிடறேன். இந்த ஊர்ல இதைச் செய்யறதுக்கு வேற யாரு இருக்கா?"

கல்யாணமாகி இத்தனை காலத்தில் என் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. பல்லைக் காட்டிக்கொண்டு உப்புத்தாளை வாங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கிளவுஸ் கேட்டேன். அவர் அளவில் ஒன்று கொடுத்தார். மாட்டிக்கொண்டால் விரல் உள்ளே நீச்சலடித்தது, சந்துக்குள் நுழையவில்லை. அதனால் நானே ஒரு யோசனை செய்தேன். தறி வீட்டில் கழித்துப் போடுகிற பட்டு நூலும் பட்டுத் துண்டும் என்னிடம் ஒரு பை நிறைய இருந்தது. அதை எடுத்து விரல்களில் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டேன். பட்டாயிற்றே, கை பத்திரமாக இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. வேறு வேலை செய்கிற எந்தப் பெண்ணும் இப்படி ஒரு மடத்தனத்தைச் செய்திருக்க மாட்டாள். பருத்தித் துணி சுற்றியிருந்தால் தூசியை உதறியிருக்கும். பட்டு எதைப் பிடித்தாலும் விடாது, சாயம் போடுகிறவரைக் கேட்டால் சொல்வார். இரும்புப் பொடியும் துருவும் அந்தச் சுற்றுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டன. வெளியே நான் லாரியைத் தேய்க்கத் தேய்க்க, உள்ளே அந்தப் பட்டு என் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்து அவிழ்த்துப் பார்த்தால் விரல் சிவந்திருக்கும். வெயில் சூடு என்று நினைத்துக்கொள்வேன்.

காலையில் வண்டி, சாப்பிட்டுவிட்டுப் பிற்பகலில் தறி வீடு என்று ஓடியது. அவர் கிரைண்டர் பிடிப்பார், துரு எடுக்கிற ஆசிட்டைத் தடவிவிட்டு எட்டி நிற்பார். நான் கழுவித் தேய்ப்பேன். ஓட்டை விழுந்த இடங்களில் டிங்கரிங்காரர் வந்து தகரம் வெட்டி ஒட்டிவிட்டுப் போனார். அதன்மேல் மேடு பள்ளம் நிரவப் பட்டி பூசி, காய வைத்து, தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு அவர் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். "இங்க மேடு. மறுபடி தேய்" என்பார். எங்கே மேடு என்று கேட்டால், "கண்ணு தெரியலையா? பட்டாளத்துல இருந்திருந்தா உன்னை வெயில்ல முட்டி போட வெச்சிருப்பேன்" என்பார். அது தமாஷாம்.

இந்தத் தடவிப் பார்க்கிற வேலை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு முழம் பட்டு இழையை எடுத்தேன். இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு பானெட்டின் மேல் மெல்ல இழுத்தேன். வழுவழுவென்றிருந்த இடத்தில் ஓடியது. ஒரு மூலைக்கு வந்ததும் நின்றது. "இங்கதான்" என்று காட்டினேன். அவர் அந்த இடத்தை உற்றுப் பார்த்தார், கிளவுசைக் கழற்றிவிட்டுத் தடவினார், பெரிதாகச் சிரித்தார். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் டிங்கரிங்காரர் வந்தபோது என் கணவர் அதே மாதிரி ஓர் இழையை எடுத்து அவர் முன்னால் இழுத்துக் காட்டி, "இதெல்லாம் பட்டாளத்துல கத்துக்கினது" என்றார். நான் பக்கத்தில் பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், கண்ணை இறக்கக்கூட இல்லை.

அந்த வாரமே தறி வீட்டில் முதல் இழை என் விரலில் மாட்டியது. இழுத்தேன், பிசிர் எழும்பியது. சாம்பலைத் தொட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தேன். அதுவும் மாட்டியது.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா அண்ணி, இழையெல்லாம் உங்க கையோட வந்துகினு கீது?"

"காத்து அடிக்குது."

"எங்க அடிக்குது காத்து? ஃபேனே போடல" என்றாள். என் கையைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து தன் பக்கத்து வேலையைப் பார்த்தாள். தறி வீட்டு முதலாளியிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனசு என்று நினைத்தேன். எத்தனை பேரைப் பற்றி நான் எத்தனை முறை இப்படி நினைத்திருக்கிறேன் என்று எண்ணினால் எனக்கே சிரிப்பு வரும்.

வீட்டுக்கு வந்து அவரிடம் கையை விரித்துக் காட்டினேன். இரண்டு கட்டைவிரலிலும் தோல் தடித்து, நடுவில் வெடித்திருந்தது. நகத்தைச் சுற்றித் துருவின் கறை. "இப்படியே போனா நான் பிணைக்க முடியாதுங்க. என் வேலை போயிடும்" என்று சொன்னேன். வேறு எந்த மாதிரியும் சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. இந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன்.

அவர் குளித்துவிட்டு வெற்று மேலோடு உட்கார்ந்திருந்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் திரும்பி முதுகைக் காட்டினார். "இங்க கொஞ்சம் சொறி" என்றார். எனக்குப் புரியவில்லை. "அட, சொறிடி. வேர்க்குரு." கையை வைத்தேன். "ஆ, அப்படித்தான்! இத்தனை வருஷம் இந்தக் கையை எங்க வெச்சிருந்தே? பூனைக்குட்டி மாதிரி தடவிகினு இருப்பே. இப்பதான் கை மாதிரி கீது" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த முதுகில் ரத்தம் வரும்படி கீறியிருக்கலாம். செய்யவில்லை, ஆனால் நினைத்தேன்.

மறுநாள் நான் கொல்லைப் பக்கம் போகவில்லை. கூப்பிட்டார், வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நான் சமைத்ததைத் தொடாமல் எழுந்து போய் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்தார். அடுத்த வேளையும் அப்படித்தான். வைத்த தட்டு வைத்தபடி இருக்கும். நான் பேசினால் சுவரைப் பார்ப்பார். வண்டிப் பக்கம் போய்த் தனியாக உப்புத்தாளைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி இருமுவார்.

தெருவுக்குக் கேட்டதோ இல்லையோ, தங்கைக்குக் கேட்டுவிட்டது. வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"எங்கண்ணன் எல்லையில நின்ன ஆளு. பனியில காதெல்லாம் மரத்துப் போயி நின்னவரு. அவருக்காக ஒரு தகரத்தைத் தேய்ச்சா உங்க கை தேஞ்சிடுமா?"

"தேஞ்சிடுச்சு. நீதான் பாத்தியே."

"இன்னாத்த பாத்தேன்? ஒரு பேஜாரு வந்தா பொண்டாட்டிதான் கூட நிக்கணும். மெஸ்ஸுல போய் சாப்பிடறாரு மனுஷன். ஊரு சிரிக்குது. பாவு எங்க போயிடப் போவுது? நான் இல்ல? உங்க பக்கத்தையும் சேத்து நான் பாத்துக்க மாட்டேனா?"

மறுபடி கொல்லைக்குப் போனேன். ஏன் போனாய் என்று மகன் பிறகு போனில் கோபப்பட்டான். வீட்டில் ஓர் ஆள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கும் சோறு இறங்காது. அவ்வளவுதான் காரணம். நாத்தனார் என் பக்கத்தையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதை வேறு நம்பினேன். ஒரு விதத்தில் அவள் பொய் சொல்லவில்லை.

நான் போய் நின்றதும் அவர் உப்புத்தாளை நீட்டினார். அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட்டார். குழம்பில் உப்பு கூட என்று சொன்னார்.

ஆடி மாதம் கல்யாணம் இல்லை, அதனால் தறிக்காரர்களுக்கு ஆவணிக்கு நெய்து கொடுக்கிற அவசரம். அப்படி ஓர் அவசரத்தில்தான் ஒரு முகூர்த்தப் புடவைப் பாவு பிணைக்க வந்தது. அரக்குச் சிவப்பு. நான் விரலுக்கு நெய் தடவி, கழுவி, சாம்பலில் தோய்த்துத் தோய்த்து உட்கார்ந்தேன். முடிந்தவரை கட்டைவிரலின் பக்கவாட்டில் உருட்டினேன். பிணைத்து முடித்துவிட்டோம். நெய்ய ஆரம்பித்ததும் இழை அறுந்துபோக ஆரம்பித்தது. அறுந்ததெல்லாம் ஒரே பக்கத்தில்.

தறி வீட்டு முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். வயதில் என் மகனைவிடக் கொஞ்சம் பெரியவர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். "இந்தப் பக்கம் பிணைச்சது யாரும்மா?" என்று கேட்டார். நெய்கிறவர், அவர் மனைவி, ஜரிகை கொண்டு வந்தவர் எல்லாரும் நின்றிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் சொன்னாள்.

"அண்ணிதாங்க. அவங்க கை முன்ன மாதிரி இல்லீங்க. நானும் பாத்துகினுதான் கீறேன், எப்பிடிச் சொல்றதுன்னு இருந்தேன்."

"ஒரு பாவு அப்படி ஆவறது உண்டுதான்..." என்று அவர் இழுத்தார்.

"இருங்க, காட்டறேன்" என்றாள் அவள். தரையில் கிடந்த ஓர் இழையை எடுத்தாள். என் வலது கையைப் பிடித்து விரித்தாள். இழையின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு, என் விரல்களின் மேல் மெல்ல இழுத்தாள். எங்கள் வீட்டுக் கொல்லையில் லாரி மேல் நான் இழுப்பதை அவள் வந்து வேடிக்கை பார்த்திருக்கிறாள். இழை ஆள்காட்டி விரலில் நின்றது. இன்னும் இழுத்தாள். பிசிர் பிசிராகப் பிரிந்து கட்டைவிரல் வெடிப்பில் மாட்டிக்கொண்டது. கையை உதறினேன், அது விடவில்லை. அத்தனை பேர் பார்க்க மற்றொரு கையால் பிய்த்துப் போட்டேன். அன்று காலையில்தான் பானெட்டின் மேல் இழை எங்கேயும் நிற்காமல் ஓடியிருந்தது.

"பரவால்லம்மா" என்றார் முதலாளி, தரையைப் பார்த்துக்கொண்டு. "கொஞ்ச நாளைக்கு வீட்ல ரெஸ்ட் எடுங்க. சாருக்கு வேற வண்டி வேலை கீது இல்ல?" நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி வரவழைத்துக் கொடுத்து, பிறகு அனுப்பி வைத்தார். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். காபி கொடுத்தவரை என்ன பேசுவது? தெருவில் நடந்து வரும்போது எனக்கு அழுகை வந்தது. துடைத்தால் கன்னத்தில் கை உராய்ந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். களிம்பு எழுதிக் கொடுத்தார். "இந்தக் கை வேலையை விட்டாத்தான் தோல் சரியாகும்" என்றார். "எந்த வேலையைம்மா?" என்று கேட்டேன். "கையால செய்யற வேலையை" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெருக்கினார்கள், எழுந்து வந்துவிட்டேன்.

களிம்பும் தேங்காயெண்ணெயும் வெண்ணெயும் மாற்றி மாற்றித் தடவினேன். வெடிப்பு மூடியது. கட்டைவிரலில் தடித்த தோல் மட்டும் இளகவே இல்லை. நகவெட்டியால் சீவினால் அதைவிடத் தடித்து வளர்ந்தது. அதற்குள் தறி வீட்டில் நான் உட்காருகிற பக்கத்தில் நாத்தனாரின் மருமகள் உட்கார்ந்துவிட்டாள். கேட்கப் போன என்னிடம், "சின்னப் பொண்ணு, இப்பதான் கை வந்துகினு கீது. அவளை எழுப்பச் சொல்றீங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார். அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். நல்ல கை. பொய் சொல்ல மாட்டேன்.

இதை அவரிடம் சொன்னபோது பெயிண்ட் டப்பாவில் குச்சியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். "அப்போ சாயங்காலமும் நீ ஃப்ரீ" என்றார். சிவப்பு பிரைமர் மேல் பட்டாளத்துப் பச்சையை இரண்டு கை அடித்தார்.

ஆகஸ்ட் பதினைந்தன்று வண்டி கிளம்பியது. இடித்த சுவர் வழியாகவே வெளியே போனது. நெற்றியில் சந்தனம், பானெட்டில் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நன்றாகத்தான் இருந்தது. வெயில் பட்டு ஒரு மேடு பள்ளம் தெரியாமல் பச்சையாக மின்னியது. மைதானத்தில் பிள்ளைகள் கை தட்டினார்கள். நாத்தனார் கேபின் படியில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். கொடி ஏற்ற வந்த அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து தடவிப் பார்த்து, "இதை யாரு சார் பண்ணது? கம்பெனி ஃபினிஷ் மாதிரி இருக்கே" என்று கேட்டார். பெண்கள் பக்கத்தில் நின்றிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. என் கணவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "எல்லாம் இந்தக் கைதான் சார். தனி ஆளா!"

அந்தக் கைகளை நான் பார்த்தேன். கிளவுசுக்குள் இருந்த கைகள். ஒரு கீறல் கிடையாது.

அவரை வெறுக்கிறேனா என்று அங்கே நின்றபடியே என்னைக் கேட்டுக்கொண்டேன். ஆமாம் என்றுதான் வந்தது. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய பட்டாளத்து நண்பர்கள் வண்டியைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் படவேடு, ஒருவர் கலசப்பாக்கம். லாரியை வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். நான் டீ கொண்டு போனேன். காயலான் கடையில் இதே மாதிரி இன்னொரு கூடு கிடக்கிறது, பேசி முடித்தாயிற்று என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இன்னொண்ணா? தனியா எப்பிடிப்பா பண்ணுவே, இந்த வயசுல?" என்று கேட்டார் படவேட்டுக்காரர்.

"தனியா எதுக்கு? இவ கீறா இல்ல? முன்னயாவது பாவு பாவுன்னு ஓடிகினு இருந்தா. இப்பதான் இவளுக்கு வேற வேலையே இல்லையே" என்றார் என் கணவர்.

சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, சிரிக்க வேண்டிய இடம் என்று சிரித்தார்கள். அது அடங்கும்வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு வேலை இருந்துச்சுங்க" என்றேன். "அதோ நிக்குது பாருங்க. பச்சை பெயிண்ட் அடிச்சு நீங்கதான ஓட்டிகினு வந்து நிறுத்துனீங்க."

கலசப்பாக்கத்துக்காரர் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தார். புரிந்துவிட்டது. நன்றாகவே புரிந்தது, முகத்தில் தெரிந்தது. ஒரு நிமிஷம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நண்பர்கள் பக்கம் திரும்பி, டீயை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அடுத்த வண்டி இன்னும் ஜல்தியா முடிஞ்சிடும்" என்றார். "இப்பதான் இவ கை காய்ச்சுப் போச்சே. இனிமே வலிக்காது."